அம்பாள் சும்மா விடுவாளா?

கொள்ளேகாலிலிருந்து வந்து, மைசூரில் எங்கள் மாடியில் குடியிருந்த செல்வி, கைபேசியில் கேட்டுப் பழகிய அம்பாள் மந்திரத்தைத் தினமும் ஜெபிப்பாள். தீட்சை பெற்றவள் என்று பெயரெடுத்த என் வெள்ளிக்கிழமை பூஜையை விட்டு, தெருப் பெண்கள் அவளிடம் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழாம் மாதத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளைப் படியிலேயே நிறுத்தினேன். "குருகிட்ட தீட்சை வாங்காம மந்திரம் சொன்னா, அம்பாள் சும்மா விடுவாளா?"

மறுநாள் தன் அம்பாள் படத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்களே கும்புடுங்கக்கா. நான் கும்புட்டா அடுத்ததையும் கொன்னுபோடுவேனுங்க."

வாங்கி என் பூஜையறையில் மாட்டினேன்.

எனக்கும் எந்தக் குருவும் தீட்சை தரவில்லை. கேசட்டில் கேட்டுக் கற்றதைத்தான் இருபது வருடமாக ஜெபிக்கிறேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. என் மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள்.