கால் எட்டாத வண்டி

பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்ட பிறகு வேன் அக்கா ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே குனிந்து பார்க்கிறார். தூங்கிப்போன குழந்தை எதுவும் உள்ளே இல்லை என்று கண் சொன்னால் அவருக்குப் போதாது. கையும் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். ஒற்றைச் செருப்பு, கடித்த பென்சில், பாதி பிஸ்கட் என்று அகப்பட்டதையெல்லாம் ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக வைக்கிறார். அதற்கப்புறம்தான் கடைசி இருக்கையை மடக்கி, பழைய போர்வையில் சுற்றிய சைக்கிளை வெளியே எடுக்கிறார். பள்ளிக்கூட மணி மறுபடி அடிக்கும் வரைக்கும் நேரம் அவருடையது.

நாற்பதைத் தாண்டிய, குள்ளமான, அகன்ற தோள்கொண்ட பெண். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் இன்னொருவருடையதைப் போலக் கறுத்திருக்கும். சைக்கிளில் போகும்போதும் திருப்பத்துக்குத் திருப்பம் அவர் கண், அங்கே இல்லாத கண்ணாடியைத் தேடும். வேகமாகப் போகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பொறாமை கிடையாது. "ஓடறது பெருசில்லப்பா. போன வேகத்துல நிக்கத் தெரியணும். நிக்கத் தெரியாதவன் டிரைவரே இல்ல, பார்சல்."

அவர் பழகிக்கொண்டிருந்தது டிரையத்லானுக்கு. ஏரியில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, இறங்கிய காலோடு ஓட வேண்டும். உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்தாலும் கடிகாரம் உட்காராது. பெரும்பாலும் டாக்டர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் விடுமுறை நாளில் செய்கிற காரியம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரிடம் ஒரே பதில். "எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கணும்."

மிச்சம் என்று அவர் சொன்னதற்கு ஒரு கதை இருக்கிறது. தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரம் தவறாமல் இயந்திரத்தோடு கட்டிக் கிடந்த நாளில், தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தவர் அக்கா. தம்பி எழுந்து நடமாடி, கல்யாணம் கட்டி, பழையபடி ஏசி ரிப்பேருக்குப் போகத் தொடங்கிவிட்டார். அக்காவைத்தான் யாரும் நடமாட விடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் ஒருவர் ஓடி வருவார். மாடிப்படி ஏறினால் கீழேயிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். "குடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு ஆளு. குடுத்த பிறகு கண்ணாடிச் சாமான்," என்பார் அக்கா. வீட்டுக்காரர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விழுந்து எழுந்தாத்தான் அவளுக்குத் திருப்தி, விடுங்கப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர், தாராளமாகச் செய்யலாம் என்றார். வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, உடம்பில் தண்ணீர் வற்றக் கூடாது, விலாவுக்குக் கீழே பலமாக அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அக்காவின் காதில் முதல் பாதி விழுந்தது. தம்பியின் காதில் இரண்டாம் பாதி.

நான் பில் போடுகிற சைக்கிள் கடைக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அக்கா வண்டிகளைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார். முதலில் தம்பி ஒன்றை இழுத்து வந்து நிறுத்தினார். நேரான கைப்பிடி, பருத்த டயர், முதுகு வளையாமல் உட்காரும் இருக்கை.

"இது நல்லாருக்கும்க்கா. பின்னாடி கேரியர்கூட மாட்டலாம்."

"எதுக்கு? உன்னை வச்சு மிதிக்கவா? ஏற்கெனவே என்னோடதைச் சுமந்துட்டுத் திரியறே, போதும்."

எங்கள் மெக்கானிக் அண்ணன் சிரிக்காமல் இருப்பதற்காக ஒரு சங்கிலியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய வண்டியை இறக்கினார். போட்டிக்கென்றே பிறந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளில் முழங்கையை ஊன்றி, காற்றுக்கு முகம் கொடுக்காமல் படுத்த மாதிரி போக வேண்டும். அக்கா ஏறி, முழங்கையை ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அழகாக இருந்தது, ஒரு பறவை தாழ்வாகப் போவதைப் போல. பிறகு கேட்டார்.

"இப்படிப் படுத்திருக்கும்போது ஒரு குழந்தை குறுக்க வந்தா, பிரேக்கு எங்க?"

"கையை இங்கேருந்து எடுத்து, கீழ கொண்டுவந்து பிடிக்கணும்க்கா."

"பிரேக்கைத் தேடிக் கை ஊருக்குப் போயிட்டு வரணுமா? வேணாம்."

கடைசியில் எடுத்தது வளைந்த கைப்பிடியுள்ள சாதாரண ரோடு பைக். யாரோ கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. சாம்பல் நிறம். அவருடைய அளவுக்கு அதன் ஃபிரேம் சரியாக இருந்தது. விரல் எங்கே இருந்தாலும் பிரேக் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. பெயின்ட் உரிந்த இடத்தைத் தம்பி காட்டியபோது, "என் மேலயுந்தான் தையல் போட்ட தழும்பு இருக்கு. ஓடலையா?" என்றார் அக்கா. தம்பி வாயை மூடிக்கொண்டார்.

மறுபடி அவர் வாயைத் திறந்தது இருக்கையின் உயரத்தை வைக்கும்போது. குதிகால் பெடலில் படும்போது முழங்கால் நீள வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் தண்டை உயர்த்திக்கொண்டே போனார். சரியான இடம் வந்ததும் தண்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். அக்காவின் கால்கள் இரண்டும் தரைக்கு மேலே தொங்கின.

"என்னங்க இது, கால் எட்டலியே!"

"உக்காந்தா எட்டக் கூடாது சார். எட்டுச்சுன்னா முழங்கால் போயிரும். நிக்கும்போது சீட்லேருந்து முன்னால இறங்கி நிக்கணும்."

"கால் எட்டாத வண்டியில எங்க அக்காவை ஏத்துறீங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம், பழக்கமில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

நீச்சலைக் குழந்தைகளோடு கற்றார். அவர் வேனில் வருகிற வாண்டுகளே நீச்சல்குளத்தில் அவருக்கு மூத்தவர்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கும் அக்காவைச் சுற்றி மீன்குஞ்சுகளாய் நீந்தி, "டிரைவர் ஆன்ட்டி, மூச்சை விடுங்க! வச்சுக்கிட்டே இருக்காதீங்க!" என்று கத்துவார்கள். "நாளைக்கு வேன்ல ஏறுவீங்கல்ல, அப்பப் பேசிக்கறேன்," என்பார், வாயில் போன தண்ணீரைத் துப்பிக்கொண்டே. மழைக்காலம் முடிவதற்குள் பலகையை விட்டுவிட்டார். பிறகு ஏரி. அடி தெரியாத தண்ணீரில் முதல் நாள் பாதியிலேயே மல்லாந்து மிதந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "உள்ள ஒண்ணுமே தெரியலப்பா. என் கை மட்டும் தெரிஞ்சுது. சரி, அது இருக்கேன்னு போனேன்."

போட்டிக்குச் சில நாள் முன்னால் விழுந்தார். பெடலோடு பூட்டிக்கொள்கிற காலணி போடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இப்படி விழுகிறவர்கள்தான். சிக்னலில் நின்ற பிறகுதான் கால் பூட்டியிருப்பது ஞாபகம் வரும். அதற்குள் வண்டி, வெட்டிய மரம் மாதிரி, ஓடாமல் நகராமல் சாயும். அக்கா சாய்ந்தது வலது பக்கம். மிச்சமிருக்கிற ஒன்று இருக்கும் பக்கம். ஸ்கேனில் ஒன்றுமில்லை, தோலில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கன்றல். மறைக்கவில்லை அவர், வேனில் கீறல் விழுந்தால் பள்ளிக்கூடத்தில் சொல்வதைப் போல நேரே தம்பியிடம் போய்ச் சொன்னார். தம்பி, போட்டி வேண்டாம் என்றார். பிறகு காலில் விழாத குறையாகக் கேட்டார். அக்கா அசையவில்லை. "நான் உனக்குக் குடுத்தது கிட்னிடா. மிச்ச உடம்பு என்னோடது."

போட்டியன்று விடிந்ததும் தம்பியே தன் ஏசி ரிப்பேர் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் எங்கள் கடையும் ஒரு மேஜை போட்டிருந்தது. சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட்ட இடத்தைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். அதற்குள் போட்டியாளர்கள் மட்டும். கயிறு முடிந்து சாலை வளைகிற இடத்தில் நான் காற்றடிக்கும் பம்போடு நின்றேன். நீச்சல் தொடங்கி, ஏரி முழுவதும் மஞ்சள் தொப்பிகளாகச் சிதறியபோது தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் இருவர் கண்ணும் ஒரே தொப்பியைத் தேடின. எல்லாத் தொப்பிகளும் ஒன்று போலிருந்தன.

"ஒரு காரியம் பண்ணிட்டேங்க," என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே.

"என்ன சார்?"

"சீட்டை இறக்கிட்டேன். அக்கா வண்டியை என்கிட்ட விட்டுட்டு, கையில நம்பர் எழுதிக்கப் போனப்ப. நாலு விரக்கடை இருக்கும். கால் எட்டினா விழ மாட்டாங்கல்ல?"

அந்த உயரத்தில் அவ்வளவு தூரம் மிதித்தால் முழங்கால் இரண்டும் வீங்கிவிடும், அதற்கப்புறம் ஓட்டம் என்பது இல்லை, வலிக்கு மாத்திரையும் போடக் கூடாதே என்றேன். மாத்திரை என்றதும் அவர் முகம் வெளுத்தது. அவருக்குத் தெரிந்த கணக்கு அது. மிச்சமிருந்த சிறுநீரகத்துக்கு ஆபத்து, அவர் நினைக்காத பக்கத்திலிருந்து வந்திருந்தது.

"நானே போயி ஏத்தி வச்சுர்றேன்," என்று பையிலிருந்து திருகு திருப்பும் சாவியை, ஒரு அல்லன் கீயை, எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டப் பார்த்தார். அங்கே நின்ற பெண் கையைக் குறுக்கே நீட்டினாள். உள்ளே வெளியாள் போகக் கூடாது. பாதையிலும் வெளியாள் வண்டியைத் தொட்டால் போட்டியாளரை நீக்கிவிடுவார்கள். அவர் திரும்பி வந்து என் பக்கத்திலேயே நின்றார். சாவியைப் பையில் போட மறந்துவிட்டார்.

அக்கா கரையேறியபோது அவருக்குப் பின்னால் ஏரியில் சில தொப்பிகள்தான் மிச்சமிருந்தன. தள்ளாடி வந்து, ஹெல்மெட்டைப் பூட்டி, வண்டியை உருட்டிக்கொண்டு ஓடி, ஏறுவதற்கென்று தரையில் போட்ட கோட்டைத் தாண்டி ஏறினார். ஏறியதுமே தெரிந்துவிட்டது. முழங்கால்கள் மார்புவரை வந்து போயின. பிள்ளை வண்டியைப் பெரியவர் ஓட்டுவதைப் போல. யாரோ கயிற்றுக்கு அப்பாலிருந்து சிரித்தார்கள். வளைவுவரை அப்படியே வந்தவர், எங்களுக்கு நேரே ஓரமாக ஒதுங்கினார். குதிகாலைத் திருகிப் பூட்டை விடுவித்து, முன்னால் இறங்கி, தடுமாறாமல் நின்றார்.

இருக்கையைப் பார்த்தார். மார்க்கர் கோடு குழாய்க்குள் காணாமல் போயிருந்தது. தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார்.

"நீயா?"

"விழுந்துட்டியேக்கா…"

அக்கா இருக்கைக்குக் கீழே இருந்த சின்னப் பையைத் திறந்து, தன்னுடைய சாவியை எடுத்தார்.

"குடுக்கா, ஒரு நிமிஷம். நான் இறக்கினது, நானே ஏத்தறேன்." தம்பி ஒரு அடி முன்னால் வந்து, சாவியிருந்த கையை நீட்டினார். மோட்டார் சைக்கிளோடு நின்ற நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அங்கேயே நில்லுடா. நீ தொட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நின்றார். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். அக்கா வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு திருகைத் தளர்த்தினார். ஈரத்தில் சாவி ஒரு தடவை வழுக்கி விழுந்தது, குனிந்து எடுத்தார். தண்டை இழுத்தார். கோடு குழாயிலிருந்து மேலே வந்தது. ஒருவர், இன்னொருவர் என்று எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அக்கா அவசரப்படவில்லை. இறுக்கினார், இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார், மறுபடியும் இறுக்கினார். ஏரி அவர் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

தம்பி அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை. சாவியோடு அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.

அக்கா சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்தார். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களால், தம்பியின் விரல்களை அந்தச் சாவியின் மேல் ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். மூடிய கையைத் தம்பியின் நெஞ்சோடு சேர்த்து வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்துவிட்டு, தன் கையை எடுத்தார்.