மெதுவாவின் எண்ணூறு மீட்டர்

முன்னறையில் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

பின்னறையில் முழங்காலுக்கு வெந்நீர்த் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மெதுவா தலையை நிமிர்த்தினார். அவரிடம் இருப்பவை பதினான்கு வாடகை சைக்கிள்கள். பதினான்கு மணிகளின் குரலும் அவருக்கு அத்துப்படி. மூன்றாம் எண் சளி பிடித்ததுபோல் அடிக்கும். ஒன்பதாம் எண்ணை ஒரு தடவை அழுத்தினால் ஒன்றரைத் தடவை ஒலிக்கும். இப்போது கேட்ட மணி அந்தப் பதினான்கில் சேர்ந்ததல்ல.

மறுபடியும் அடித்தது. கனத்த, பழைய மணி. எண்ணெய் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

மெதுவா என்பது ஊர் வைத்த பெயர். பத்தொன்பது வருஷம் அந்த வட்டாரத்தில் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். எந்தக் கடிதமும் அவர் கையால் தொலைந்ததில்லை, எதுவும் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்ததும் இல்லை. முழங்கால் கைவிட்ட பிறகு வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் சுற்றுலா நடத்தத் தொடங்கினார். வயல்களுக்கு நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர், ஆறு நிறுத்தங்கள். அறுபத்தோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வயல்களில் போர் நடந்தது. விமானம் இறங்கிய ஓடுபாதையில் இப்போது தானியம் காய்கிறது. துப்பாக்கி நீட்டிய கான்கிரீட் அறையில் ஆடுகள் படுத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் மூச்சு வாங்காமல் காட்டுவதுதான் அவர் தொழில். யாரும் அவரை முந்தக் கூடாது என்பது ஒரே விதி. முந்தப் பார்ப்பவர்களைத் திரும்பிப் பார்க்காமலே, "மெதுவா, மெதுவா" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மனைவி உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினாள். அவள் பாதி சாத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

காலையில் வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் சைக்கிளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அந்த நரைத்த தலை அம்மா மட்டும் போகவில்லை, என்றாள். நான்காம் நிறுத்தத்தில் பூ வைத்துவிட்டு ஓரமாக நின்று அழுதாரே, அவர்தான். மெதுவாவுக்கு நினைவிருந்தது. அந்த இடத்தில் பத்துக்கு மூன்று பேர் கண்ணைத் துடைப்பது வழக்கம். அவரும் அங்கே குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். அதனால் அந்த அம்மாவின் அழுகையை அவர் தனியாகக் கவனிக்கவில்லை.

"அவங்க அந்தத் தூதுக்காரரோட பொண்ணாம்" என்றாள் மனைவி.

மெதுவாவின் முழங்காலில் இருந்த துணி வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

நான்காம் நிறுத்தத்தின் கதை இது. எதிரிப் படை நெருங்குகிறது, தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. ஊரைக் காலி செய்யச் சொல்லி ஒரு படைவீரனைத் தூதாகச் சைக்கிளில் அனுப்புகிறார்கள். அவன் வழி நெடுக மணியை விடாமல் அடித்துக்கொண்டே வருகிறான். மணிச் சத்தம் கேட்டு ஊர் முழுக்க வெளியேறி உயிர் தப்புகிறது. திரும்பிப் போகும் வழியில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். மேட்டுச் சாலையில் இருக்கும் சிறு பாலத்தருகே நிறுத்தி மெதுவா இதைச் சொல்வார். அங்கே சுற்றுலா அலுவலகம் வைத்த பலகையும் உண்டு. "இந்த இடத்தில்" என்று தொடங்கும் அந்தப் பலகையை எழுதியவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. ஊரில் பெயர்ப்பலகை எழுதுபவன் அவன் ஒருவன்தான்.

கதை உண்மை. இடம்தான் பொய்.

படைவீரன் செத்தது பாலத்துக்கு எண்ணூறு மீட்டர் தள்ளி, வாய்க்கால் மதகருகே. கண்ணால் பார்த்த விவசாயி ஒருவர், கடிதம் கொடுக்கப் போன மெதுவாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டிய இடம் அது. சுற்றுலாவின் முதல் வாரமும் அவர் மதகுக்குத்தான் எல்லோரையும் கூட்டிப் போனார். ஆனால் மேடு ஏறி முடித்ததும் அத்தனை பேருக்கும் மூச்சு வாங்கியது. பாலத்தின் கட்டையில் சாய்ந்துகொண்டு ஒரு பருத்த வங்கி அதிகாரி ஆடு மாதிரி இரைத்தார். எல்லோரையும் சும்மா உட்கார வைக்க மனமில்லாமல், அடுத்த நிறுத்தத்தின் கதையை மெதுவா அங்கேயே சொல்லித் தொலைத்தார். "இங்கேயா?" என்று அதிகாரி கேட்டார். மெதுவாவுக்கும் மூச்சு வாங்கியது. பேச முடியாமல் ஆமென்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலுக்கு இப்போது வயது பதினேழு.

வந்த அம்மா கேட்பது இதுதான், என்று மனைவி விளக்கினாள். அவர் கையில் அப்பாவின் சைக்கிள் மணி இருக்கிறது. படையில் கூட இருந்தவர்கள் கழற்றி, கைக்கடிகாரத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. அதை அந்தப் பலகையின் கம்பத்தில் முறுக்கிப் பொருத்தித் தர வேண்டும். அவ்வளவுதான்.

"எப்படிப் பொருத்துறது" என்றார் மெதுவா.

"ஸ்பானரால."

"அது இல்லடி."

மனைவி குரலை இறக்கினாள். அந்த அம்மா அழுது முடித்து மனசு லேசாக உட்கார்ந்திருக்கிறார், ராத்திரி ரயிலுக்குக் கிளம்பினால் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை, இப்போது போய் வாயைத் திறந்தால் சுற்றுலா அலுவலகம் உரிமத்தைப் பிடுங்கிவிடும், தம்பி முகத்தை எங்கே கொண்டு வைப்பான், என்று அடுக்கினாள். கடைசியில், "பதினேழு வருஷமா இல்லாம இன்னைக்கு என்ன திடீர்னு ஞானோதயம்?" என்றாள்.

மெதுவா ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

அந்த அம்மா ஒன்பதாம் எண் சைக்கிளுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைக்குட்டை, அதன்மேல் மணி. மேல்மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மெதுவா கையில் வாங்கிப் பார்த்தார், உள்ளே இருந்த பற்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா பேசிக்கொண்டே இருந்தார். அப்பா இறந்து நான்கு மாசம் கழித்துத்தான் அவர் பிறந்தாராம். வீட்டில் அப்பாவின் பொருள் என்று இருந்தது இந்த மணியும் நின்றுபோன கடிகாரமும்தான். தெருவில் விளையாடும் மகளைச் சாப்பிடக் கூப்பிட அவருடைய தாய் வாசலில் நின்று இந்த மணியைத்தான் அடிப்பாராம். தெருப் பிள்ளைகள் இவருக்கு 'தபால்' என்று பட்டம் வைத்திருந்தார்களாம்.

"எங்கம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான்" என்றார். "அவ்வளவு தூரம் மிதிச்சிருக்காரே, தாகத்தோடயே போயிட்டாரோன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. பாலத்துக்கிட்டப் பார்த்தேன், அங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சரி, அம்மா சொன்னது சரிதான்னு நினைச்சுக்கிட்டேன்."

பாலத்துக்குக் கதையைத் தூக்கி வந்தபோது அதில் ஒரு வரியை மட்டும் மெதுவா உதிர்த்துவிட்டிருந்தார். பாலத்தில் தண்ணீர் இல்லை, அதனால் அந்த வரி அங்கே பொருந்தவில்லை. சின்ன வரிதானே என்று நினைத்தார். பின்னறைக் கதவு இடுக்கில் மனைவியின் ஒரு கண் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அவர் தண்ணி குடிச்சாரும்மா" என்றார்.

அம்மா நிமிர்ந்தார்.

"மதகுக்கிட்ட சைக்கிளைச் சாய்ச்சு வெச்சுட்டு இறங்கிக் குடிச்சிருக்காரு. மூணு தடவை அள்ளி அள்ளிக் குடிச்சாருன்னு பார்த்தவர் சொன்னாரு. முகத்தையும் கழுவியிருக்காரு. அதுக்கப்புறம்தான் சுட்டாங்க. பாலத்துக்கிட்ட இல்லம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் எண்ணூறு மீட்டர்."

எங்கோ ஒரு டியூபிலிருந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. அது பதினோராம் எண் என்று மெதுவாவுக்குத் தெரிந்தது.

"அப்போ பாலத்துல ஏன் நிறுத்துனீங்க?"

"மூச்சு வாங்குச்சும்மா."

"உங்களுக்கா?"

"எல்லாருக்கும்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மெதுவாவுக்குத் தோன்றியது. அவர் திட்டவில்லை. எழுந்து ஒன்பதாம் எண் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார்.

இருவரும் கிளம்பினார்கள். வழியில் எந்த நிறுத்தத்திலும் மெதுவா வாய் திறக்கவில்லை. மேட்டில் அந்த அம்மா அவரை முந்தினார். விதி மீறப்பட்டது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தில் காலையில் வைத்த பூ வாடியிருந்தது. இருவருக்கும் நன்றாகவே மூச்சு வாங்கியது, ஆனாலும் யாரும் இறங்கவில்லை.

மதகில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு இரும்புச் சக்கரம், அதைச் சுற்றித் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி, கீழே தண்ணீர். ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. கொசு அதிகம். படி எது, சைக்கிளைச் சாய்த்தது எந்தப் பக்கம் என்று மெதுவா விவசாயி காட்டியபடியே காட்டினார். குரலைத் தாழ்த்த மறந்துவிட்டார்.

அம்மா படியிறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளினார். குடிக்கவில்லை. பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மெதுவா மணியைக் கைப்பிடிக் கம்பியில் வைத்து முறுக்கினார். அம்மா ஒரு தடவை அடித்துப் பார்த்தார். எண்ணெய் விட்டதால் சத்தம் தெளிவாக இருந்தது. பசு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

"அழுகைதான் வரமாட்டேங்குது" என்றார் அம்மா. "இருந்ததெல்லாம் காலையில பாலத்துக்கிட்டயே தீர்ந்துடுச்சு."

மெதுவாவுக்கு வாய்க்காலில் குதித்துவிடலாம் போல இருந்தது. ஆழம் முழங்கால் அளவுதான். மன்னிச்சிடுங்கம்மா என்று அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பரவால்ல. வயித்துல ஏதோ குளிர்ந்த மாதிரி இருக்கு. அம்மா இருந்திருந்தா அவங்கதான் அழுதிருப்பாங்க."

திரும்பி வந்தபோது மனைவி அந்த அம்மாவின் பையைத் துடைத்து வாசல் பக்கம் எடுத்து வைத்திருந்தாள். தண்ணீர்க் குப்பியையும் நிரப்பி வைத்திருந்தாள். குடிங்கக்கா என்று நீட்டினாள். அம்மா நின்றபடியே பாதிக் குப்பியைக் குடித்தார். குடிக்கும் வரைக்கும் கணவனும் மனைவியும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் அம்மா திரும்பி நின்றார்.

"அந்தப் பலகை?"

"நாளைக்குக் காலையில நானே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிடறேம்மா. எழுதினது மச்சான்தான். மாத்தியும் அவனே எழுதுவான்."

"தண்ணி குடிச்சதையும் எழுதச் சொல்லுங்க."

"சரிம்மா."

"அப்புறம், எல்லாரையும் மதகு வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. மூச்சு வாங்கினா வாங்கட்டும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். தெருமுனை திரும்பும் வரை மெதுவா நின்று பார்த்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உரிமம் போச்சுன்னா?" என்றாள் மனைவி.

"மறுபடி கடுதாசி குடுக்கப் போறேன்."

"அதுக்கும் மெதுவாத்தான் போவீங்க" என்றாள் அவள். தம்பிக்கு எப்படிச் சொல்வதென்று முணுமுணுத்துக்கொண்டே தொலைபேசியைத் தேடி உள்ளே போனாள்.

கடைக்கதவு அடியில் உரசும். கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். மெதுவா தூக்கிச் சாத்தினார்.