வாடைக்கு எதிரே ஒரு பாய்

அப்பா செத்த செய்தி காலை வள்ளத்தில் வந்தது. நான் கலியாணம் கட்டிப் போயிருந்த இடம் பூநகரி. பிறந்த வீடு கடலேரிக்கு அந்தப் பக்கம், கச்சாயில். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். இருட்டுமுன் எடுத்தாக வேண்டும், முடிந்தவரை எனக்காக வைத்திருப்பார்கள் என்றார் செய்தி கொண்டுவந்தவர். பிரேதம் வாசல் படலையைத் தாண்டிவிட்டால் மகளுக்கு முகம் பார்க்க வழியில்லை. பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை.

மண்ணெண்ணெய் கண்ணால் காணக் கிடைக்காது. வள்ளத்து மெசின்கள் எல்லாம் சாக்குப் போர்த்துக்கொண்டு கொட்டில்களில் படுத்திருந்தன. கிடைத்தது ஒற்றைப் பாய் வள்ளம் ஒன்றுதான். மார்கழி மாதம், வாடைக்காற்று எதிரே நின்று முகத்தில் அறைந்தது. ஓட்டியவர் என் கணவருக்குத் தெரிந்த மீனவர். வள்ளத்தை மேற்கே விட்டார், பாயை மாற்றிக் கிழக்கே விட்டார், மறுபடி மேற்கே. வீட்டுப் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் போனோம்.

"அண்ணை, கரை உந்தா தெரியுது. நேரை விடுங்கோவன்!" என்று கத்தினேன்.

"நேரை விட்டால் பாய் அடிச்சுக்கொண்டு நிக்கும், தங்கச்சி. காத்து எதிர். இப்பிடி மாறி மாறித்தான் போகவேணும்."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். போதாததற்கு என் கணவர், "கொஞ்சம் பொறுமையா இருமப்பா" என்றார். அவருடைய தகப்பனா செத்துக் கிடந்தார்?

ஒருமுறை கரை நன்றாகக் கிட்ட வந்தது. எங்கள் வளவுப் பனைகள் தெரிந்தன. கரையில் ஒரு பெண் நிற்பதும் தெரிந்தது. இதிலேயே குதிக்கிறேன் என்று எழும்பினேன். இடுப்பளவு சேறு என்று கையைப் பிடித்து இருத்தினார்கள். பாய் மறுபக்கம் சாய்ந்து கரையை மறைத்தது. வள்ளம் திரும்பிக் கடலை நோக்கி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

துறையில் இறங்கி ஓடிப் போனபோது வீட்டு முற்றம் கழுவியாகிவிட்டது. ஆண்கள் ஒருவரும் இல்லை. தலை முழுகிய ஈரத்தோடு சின்னம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"நான்தான் கரையிலை பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை. ஒரு பாய் கிட்ட வந்தது. நீதான் எண்டு நினைச்சன். பிறகு அது திரும்பி அங்காலை போச்சுது. ஆரோ வேறை ஆக்கள், இனி அவள் வரமாட்டாள் எண்டு நான்தான் வந்து சொன்னன். அதோடை எடுத்திட்டினம்."

அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. அந்த வள்ளத்துக்குள் இருந்த நானே அது வீட்டுக்குப் போகிறது என்று நம்பவில்லையே.