ஒருவர் நின்றால் எல்லோரும்

ஒடுகத்தூரைத் தாண்டி மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். வாணியம்பாடியில் செய்துவந்த தோல் தொழிற்சாலை வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். பல வாரங்களாகத் தூக்கமில்லை, கை நடுக்கமும் நிற்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெயர் யாருக்கும் தெரியாத ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மேலே ஓர் ஊரில், கொட்டகைக்குள் இருபது பேர் வட்டமாக நின்று பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மனம் சரியில்லாதவர்களும் அவர்கள் வீட்டாரும் வாரம் ஒருமுறை அங்கே கூடுவார்களாம். அதை நடத்தும் அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணா, சும்மா வேடிக்க பாக்கறீங்க? வந்து அடிங்க."

அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கை உதறி, குச்சி கீழே விழுந்தது. உடனே எல்லாப் பறையும் நின்றுவிட்டது. இங்கேயும் தெரிந்துபோயிற்று என்று வாசலைப் பார்த்தேன்.

"ஒருத்தர் நின்னா எல்லாரும் நிப்போம், அதான் இங்க வழக்கம்," என்றார் அக்கா. "மெதுவா எடுங்க."

பக்கத்திலிருந்த பெரியவர், "வெத்தல போட நேரம் கெடைச்சிது. இன்னும் ரெண்டு வாட்டி கீழ போடுய்யா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். என் கையை யாரும் பார்க்கவில்லை. நான் குச்சியை எடுத்த பிறகே மறுபடி ஆரம்பித்தார்கள். அன்று மூன்று முறை அவர்களை நிறுத்தினேன்.

கொட்டகையிலேயே படுத்து, விடியும்வரை தூங்கினேன்.

காலையில் பனியில் பறைகளின் தோல் தொய்ந்திருந்தது. தோலோடு பழகியவன் என்று சொன்னதும், அக்கா ஒரு கட்டு சாமை வைக்கோலைக் கொடுத்தார். தீ மூட்டி, தோல் விறைப்பேற ஒவ்வொரு பறையாகக் காய்ச்சத் தொடங்கினேன்.