தக்காளி ரேட்டு சொன்ன குரல்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாரண்டஹள்ளிப் பக்கம் எங்க ஊர்ல தக்காளி கொத்துக் கொத்தாக் காய்ச்சுக்கிட்டிருந்த சமயம். எனக்கும் என் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்துக் காடு, நடுவுல ஒரு வரப்புதான். காலைல மூஞ்சி கழுவறோமோ இல்லையோ, ரெண்டு பேரும் போனை எடுத்துக் காதுல வெச்சுக்குவோம். எங்க காயை ஏலம் விட்டுத் தர்ற மண்டிக்காரர், வாட்ஸ்அப் குரூப்புல அன்னன்னிக்கு ரேட்டைப் பேசி அனுப்புவார். ஓசூர்ல என்ன விலை, பாலக்கோட்டுல என்ன விலை, இன்னிக்குப் பறிக்கலாமா, ரெண்டு நாள் விடலாமான்னு சொல்வார். அவர் பறிங்கன்னா ஊரே பறிக்கும். சும்மா சொல்லக்கூடாது, அவர் பேச்சைக் கேட்டு யாரும் நஷ்டப்பட்டதில்லை.

ஒருநாள் ரேட்டு சொல்லி முடிச்ச கையோட, "இன்னொரு நல்ல சேதிங்க"ன்னு ஆரம்பிச்சார். சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பிச்சா கிட்னி போயிருமாம், கண்ணு போயிருமாம். எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் பண்ற வேலையாம். ஏதோ ஒரு இலையை அரைச்சு வெறும் வயித்துல குடிச்சா ஊசியே வேண்டாமாம். இந்த மனுஷனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு சிரிச்சுட்டு நான் காட்டுக்குப் போயிட்டேன்.

என் தம்பி சிரிக்கலை. அவனுக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காம, டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாத்தியிருந்தார். அது போட்ட பிறகுதான் ஆளு தெம்பா நடமாடிக்கிட்டிருந்தான்.

கொஞ்ச நாள் கழிச்சு மோர் எடுக்கலாம்னு அவன் வூட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஊசி மருந்து பாட்டிலெல்லாம் பிரிக்காம அப்படியே இருக்கு. எனக்கு வந்துச்சே கோவம்! "டேய், அறிவிருக்காடா உனக்கு?"ன்னு கத்தினேன். அவன் அலட்டிக்கவே இல்லை. "அவரு சொன்ன ரேட்டு என்னிக்காச்சும் தப்பாப் போயிருக்காக்கா?"ன்னு கேட்டான். தக்காளி விலை தெரிஞ்சா உடம்பைப் பத்தியும் தெரிஞ்சிருமாடான்னு நான் கேக்கறதுக்குள்ள, மோட்டார் போடணும்னு கிளம்பிட்டான்.

மண்டிக்காரருக்கே போன் பண்ணினேன். நீங்க சொன்னது தப்புன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க வாயால சொன்னாத்தான் அவன் கேப்பான்னு கெஞ்சாத குறையாக் கேட்டேன். "நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். எங்க சம்பந்தி அந்தச் சாறைத்தான் குடிக்கறாரு, ஜம்முனு இருக்காரு"ன்னார். சரி, நாமே சொல்லுவோம்னு குரூப்புல நான் பேசி அனுப்பினேன். ரேட்டு குரூப்புல வம்பு வேண்டாங்கக்கான்னு ஒருத்தர் பதில் போட்டார். மத்தவங்க அதுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள், தக்காளிச் செடிக்கு நட்டிருந்த குச்சி ஒண்ணு தம்பி கால்ல குத்திருச்சு. சர்க்கரையால கால் மரத்துப் போயிருந்ததுல வலி தெரியலை. துணியைச் சுத்திக்கிட்டு, என்கிட்ட திட்டு வாங்கணுமேன்னு மறைச்சுட்டான். காய்ச்சல் வந்து பேச்சு குழறின பிறகுதான் எனக்கும் அவன் பொண்டாட்டிக்கும் தெரிஞ்சுது. கார் வெச்சுத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். விவரத்தைக் கேட்டுக்கிட்டுக் காலைப் பார்த்த டாக்டர், ஏம்மா ஊசியை நிறுத்தினீங்கன்னுதான் முதல்ல கேட்டார். புண்ணோட விஷம் உடம்பு பூரா ஏறிருச்சுன்னார். சர்க்கரையை இறக்க இன்சுலின் போட்டாங்க, இன்னும் என்னென்னவோ பண்ணினாங்க. மறுநாளே என் தம்பி போயிட்டான். எனக்குப் பின்னாடி பொறந்தவன், எனக்கு முன்னாடி போயிட்டான்.

பாடை கட்டறதுக்குள்ளயே ஊரு தீர்ப்பு சொல்லிருச்சு. வூட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தான், அங்க கொண்டுபோய் ஊசி போட்டாங்க, செத்துட்டான்னு. மண்டிக்காரரும் மாலையோட வந்தார். தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பில்லை, அவனை அவருக்கு நிஜமாவே பிடிக்கும். அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு, அதைப் பார்த்ததும் கை எழும்பலை.

காரியம் முடிஞ்ச வாரமே குரூப்புல மறுபடி அவர் குரல் வந்துச்சு. ரேட்டு சொன்னார். அப்புறம் தழுதழுத்துக்கிட்டே, நம்ம குரூப்புல இருந்த ஒரு நல்ல மனுஷனை இன்சுலின் ஊசிக்குப் பறிகொடுத்துட்டோம், இனிமேலாவது எல்லாரும் உஷாரா இருங்கன்னார். கும்பிடு பொம்மையும் கண்ணீர் பொம்மையுமா வரிசையா வந்து விழுந்துச்சு. அப்படி இல்லைன்னு நான் எத்தனை தடவை பேசி அனுப்பியிருப்பேன்! பாவம், தம்பி போன துக்கத்துல ஏதோ பேசறாங்கன்னு என் மேல பரிதாபப்பட்டாங்களே தவிர, ஒருத்தரும் நம்பலை. அந்தப் பேச்சு எங்க குரூப்பைத் தாண்டிப் போயிருச்சு. ஒகேனக்கல் போற பஸ்ல முன்பின் தெரியாத ஒரு அம்மா, பக்கத்துல இருந்தவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு வந்தாங்க. செத்தது என் தம்பின்னு சொல்லாமலே நான் இறங்க வேண்டிய இடத்துல இறங்கிட்டேன்.

இப்போ தம்பி பொண்டாட்டிக்கும் சர்க்கரை. மாத்திரை போதாது, இன்சுலின் போட்டே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுது பார்த்துட்டேன், சண்டை போட்டும் பார்த்துட்டேன். "அவரைக் கொண்டுபோன ஊசி எனக்கு வேண்டாங்க அண்ணி, நான் கண்ணால பாத்தவ"ன்னு கையை உருவிக்கிறா. அவ பார்த்தது நிஜம்தான். ஊசி போட்டதையும் பார்த்தா, உசுரு போனதையும் பார்த்தா. நடுவுல இருக்கற உண்மையை அவளுக்கு எப்படிக் காட்டறதுன்னு எனக்குத் தெரியலை.

தம்பி போன துக்கமாவது ஒருநாள் ஆறும். ஆனா அவன் சாவையே காரணம் காட்டி அவன் பொண்டாட்டியும் அதே வழியில போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கேனே, இதை எங்கே போய்ச் சொல்லி ஆத்திக்கிறது?