மதுவில்லாத தேநீர்க்கடைக்கு நான் சுட்ட ஸ்கோன்

பிராண்டியில் ஊறிய நாலு உலர்திராட்சை ஒரு மனிதனைச் சுவிசிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சூரிச் ஓர்லிகோனில் ஒரு தேநீர்க்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வேலை போனால் ஆளையும் அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் ஆட்களின் பொதுக் கணிப்பு. யார் கணித்தது என்று நான் கேட்கவில்லை.

1. தெரியாமல் சொன்ன ஓம்

கடையை நடத்தியவர் ஃப்ராவ் ஹூபர். ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. இளவயதில் இங்கிலாந்தில் இருந்தவர். ஒருநாள் கழுவும் தொட்டியடிக்கு வந்தார். அவர் பேசியது ஜெர்மன். என் தலைக்குள் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன்.

"ஹெர் யோகன், சிலோனில வெள்ளைக்காரர் கனகாலம் இருந்தவையெல்லோ? உங்களுக்கு ஸ்கோன் சுடத் தெரிஞ்சிருக்குமே?"

வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு பிறந்தவன் நான். ஸ்கோன் என்னும் அந்த இங்கிலாந்துக் குட்டிப் பன்னைக் கண்ணாலும் கண்டதில்லை.

"ஓம்" என்றேன்.

"பேக்கருக்குப் பக்கத்தில உதவியாள் இடம் ஒண்டு வருது. வியாழக்கிழமை எங்கட சங்கத்து அம்மாமார் வருகினம். பழமும் வாசனைச் சரக்கும் போட்டு வீட்டில சுட்டுக்கொண்டு வாங்கோ. அவைக்குப் பிடிச்சால் இடம் உங்களுக்குத்தான்."

மா, பட்டர், பால், பேக்கிங் பவுடர் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். எப்படிக் குழைப்பது என்பதைத் தெரிந்தவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

2. வீட்டு அவன் அடுப்பு

எங்கள் வீட்டு அவன் அடுப்புக்குள் அதுவரை சட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். என்னோடு இருந்தவர் தவம் அண்ணை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, வீட்டில் எல்லா விஷயத்துக்கும் ஆலோசகர்.

முதல் தடவை மாவை ரொட்டிக்குக் குழைப்பதுபோல அடித்துக் குழைத்தேன். வந்தது கல். தவம் அண்ணை ஒன்றை மேசையில் தட்டிப் பார்த்தார். "டேய், இதைக் கொண்டுபோய் அந்த மனிசிமாருக்குக் குடுத்தால் முதல்ல பல்லு வைத்தியரைக் கூப்பிடோணும்."

பிறகு பிடிபட்டது. பட்டர் பிரிட்ஜில் இருந்து நேரே வர வேண்டும். விரல் நுனியால் மாவோடு உதிர்க்க வேண்டும். பால் விட்டபின் கூட்டிச் சேர்ப்பதோடு கையை எடுத்துவிட வேண்டும். கிளாசால் அமுக்கி வெட்டினேன், விளிம்பு நசிந்து ஒருபக்கம் சரிந்து எழும்பியது. கூரான கத்தியால் சதுரமாக வெட்டினேன், நேராக எழும்பியது. ஏலக்காயும் கறுவாப்பட்டையும் ஒரு சிட்டிகை கராம்புத் தூளும் போட்டேன். வீடு மணத்தது.

திராட்சைதான் அடுப்புக்குள் கருகிக் கசந்தது. நாங்கள் அதைப் பிளம்ஸ் என்போம்.

"பிளம்ஸை ஊறப் போடாமல் சுடுறியோ?" என்றார் தவம் அண்ணை. "ஊரில கிறிஸ்மஸ் கேக்குக்கு என்ன செய்யிறவை? பிராண்டி! என்னட்டைப் போத்தல் கிடக்கு. நீ வேலைக்குப் போ, நான் ஊறப் போட்டு வைக்கிறன்."

மாலையில் வந்தபோது திராட்சை ஒரு போத்தலுக்குள் கறுத்த தண்ணீரில் ஊதிக் கிடந்தது. நான் குடிப்பதில்லை, பிராண்டி என்ன நிறம், என்ன மணம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வடித்து எடுத்து, வியாழன் காலை சுட்டுக்கொண்டு போனேன்.

3. வியாழக்கிழமை

சங்கத்து அம்மாமார் மூன்று பேர் மூலை மேசையில் இருந்தார்கள். ஃப்ராவ் ஹூபர் என் தட்டை வாங்கிக்கொண்டு போய் வைத்தார். நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"குடியால குடும்பங்கள் அழிஞ்சதைப் பார்த்துத்தானே எங்கட சங்கத்துப் பெண்கள் இந்தக் கடையைத் தொடங்கினவை. இண்டைக்கும் கேக்குக்குள்ளகூட ஒரு சொட்டு மது விடுறேல்லை. விட்ட ஆள் அடுத்தநாள் இஞ்சை நிக்கேலாது."

இவ்வளவு நாளும் பியர் விற்காததற்குக் காரணம், அம்மாமாருக்குப் பியர் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

விமானம் தெரிந்தது, சன்னல் சீட்டுக்கூடத் தெரிந்தது. ஓடிப்போய்த் தட்டைப் பிடித்தேன். "சூடு! சூடு! இன்னும் ஆறேல்லை!" என்று ஜெர்மனில் கத்தினேன். தட்டு ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது.

"என்ன ஹெர் யோகன், காய்ச்சலோ?" என்றார் ஃப்ராவ் ஹூபர்.

வெள்ளை முடி அம்மா ஒருத்தி ஏற்கெனவே வாயில் வைத்துவிட்டார். மென்றார். நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"திராட்சையை எதில ஊற வைச்சனீங்கள்?"

"தண்ணி."

"இல்லை. தண்ணி இல்லை." இன்னொரு கடி கடித்தார். "தேத்தண்ணி! நல்ல கடும் சாயம். சிலோன் ஆக்களின்ர மூளையைப் பாருங்கோ!"

"ஓம், ஓம், தேத்தண்ணிதான்" என்றேன். அந்த 'ஓம்'மை நானே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. பாவம், பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாத மனுசி, அதுதான் வித்தியாசம் தெரியவில்லை என்று மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அடுத்த கிழமை முதல் பேக்கருக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று ஃப்ராவ் ஹூபர் சொன்னதும் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

பிற்பகல் முழுக்க, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். வீட்டுக்குப் போனதும் தவம் அண்ணையின் சட்டைக் கொலரைப் பிடித்தேன்.

"அண்ணை, என்ர வேலையைத் திண்டிருப்பியள்! அது குடிக்கு எதிரான சங்கத்தின்ர கடை. பிராண்டி ஊத்தின ஸ்கோனைக் குடுத்திட்டு வந்திருக்கிறன்!"

"கையை எடடா" என்றார். முகம் சுருங்கியது. "பிராண்டி எங்கயிருந்து? போன சனிக்கிழமையே முடிஞ்சுது, ஊத்தப் போகேக்கைதான் ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்ல வெக்கமாய்க் கிடந்தது."

"அப்ப அந்தக் கறுத்த தண்ணி?"

"கேத்திலுக்குள்ள மிஞ்சிக் கிடந்த பால் விடாத பிளேன்ரீ."

சமையலறைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மற்றவர் ஊறப் போட்டுத் தந்ததை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு மாவில் போடுங்கள். அந்தக் கடையின் ஸ்கோனுக்குள் மது ஒருநாளும் போகவில்லை. பிராண்டியைத் தவம் அண்ணை குடித்திருந்தார். திராட்சை தேத்தண்ணியில் ஊறியிருந்தது. வேலை எனக்குக் கிடைத்தது.