இடுப்புக் கவசம்

டீ வடிகட்டுவது அந்த வீட்டில் மனைவியின் வேலை. சனிக்கிழமை காலை மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்து, வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். தூளும் டீயும் ஒன்றாகவே இறங்கின. வடிகட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். வலையின் நடுவில் நீளச் சதுரமாக ஓர் ஓட்டை. கிழிந்த ஓட்டையாக இருந்தால் கடைக்காரரைத் திட்டலாம். இது ஸ்கேல் வைத்து வெட்டியது. நான்கு மூலையும் அத்தனை சுத்தம். அப்படி வெட்டத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

“என்னங்க, வடிகட்டி எங்க?”

“உன் கையிலதானே இருக்கு.”

“நடுவுல இருந்ததக் கேக்கறேன்.”

 அது லாரியின் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது, அந்த அளவுக்குச் சின்னக் கண்ணி உள்ள வலை கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. வடிகட்டிக்கு ஒரு நல்ல வேலை வாங்கிக் கொடுத்தவரின் குரல்.

அவள் பழைய துணியில் டீயை மறுபடி வடிகட்டி, ஒரு டம்ளரைத் தன் அப்பாவுக்கு நீட்டினாள். மூன்று வருஷமாக அப்பாவும் இவர்களோடுதான். அவர் ஒரு வாய் குடித்து, நாக்கிலிருந்து ஒரு துணுக்குத் தூளை விரலால் எடுத்துப் பார்த்தார்.

“எப்படிப்பா இருக்கு?”

“இருக்கு.”

அதுதான் அவரிடமிருந்து வரும் அதிகபட்சம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தபோது பையன் எப்படி என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கும் “இருக்கான்” என்றுதான் சொன்னாராம். இருபத்திரண்டு வருஷமாகியும் மருமகன் அந்த ஒரு சொல்லைத் தாண்டவில்லை. குடை வாங்கிக் கொடுத்தார்: இருக்கு. கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தார்: இருந்தார். ஏன், மாமனார் வாயிலிருக்கும் பல்செட்டே மருமகன் செய்ததுதான். அந்தப் பல்லாலேயே “இருக்கு” என்றவர் அவர்.

மருமகனுக்குத் தொழில் பல்செட் செய்வது. பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரம் அவருடைய மேசை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அந்த ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால் சிரிக்கிறார்கள். இவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆள் இல்லை, யாருக்கும் இவரைத் தெரியாது. ஸ்கூட்டர் ஓட்டப் பழகி இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை ஸ்கூட்டரை விற்றுவிட்டார். துப்பாக்கியை வாழ்க்கையில் ஒரே தடவை பிடித்திருக்கிறார், பொருட்காட்சியில் பலூன் சுடும் கடையில். அன்று கடைக்காரரின் டியூப்லைட் போனது.

அப்படிப்பட்டவர்தான் வீட்டில் உட்கார்ந்து கவச லாரி கட்டினார்.

கவச லாரி என்பது பிறப்பில் சாதாரணச் சரக்கு லாரிதான். போகிற வழியில் சுடுகிறார்கள் என்று தெரிந்ததும், பட்டறையில் கிடைத்த இரும்புத் தகடுகளைச் சுற்றிலும் பற்றவைத்து, பின்னால் இரண்டு துப்பாக்கியை நிறுத்தி, மற்ற லாரிகளுக்குத் துணையாக அனுப்பிவிடுவார்கள். அவசரத்தில் அவரவர் கைக்கு வந்தபடி செய்தது என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதனால் அதன் குட்டி மாடல், கடையில் வாங்கி ஒட்டுகிற பொம்மைப் பெட்டியிலும் வராது. எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டும். தயிர் டப்பா மூடி தகடாகும், பேனா ரீஃபில் துப்பாக்கிக் குழலாகும், வேலையிடத்தில் மிஞ்சுகிற ஈறுப் பசை மணல் மூட்டையாகும். வண்ணம் அடிக்கும்வரை எல்லா மூட்டையும் வாய்க்குள் இருக்க வேண்டியது போல ரோஸ் நிறத்தில் பளபளக்கும்.

இந்த லாரி மட்டும் வேறு ரகம். இது மாமனாரின் லாரி. வாலிபத்தில் பட்டாளத்தில் டிரைவராக இருந்தபோது பதினான்கு மாதம் ஒரு கவச லாரியை அவர் ஓட்டியிருக்கிறார். ஒரே ஒரு போட்டோ மிஞ்சியிருந்தது. உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளை. மட்கார்டில் கை வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். மனைவி அதை அப்பாவின் பெட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தாள். மருமகன் எட்டு மாதம் உழைத்தார். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் மாமனாரே ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். மட்கார்டு ஓரம் அவரைச் செய்து நிறுத்தியபோது, இந்த உயரத்தில் இவரோடு பேசுவது சுலபம் என்று மருமகனுக்குத் தோன்றியது.

போட்டோவில் ஒரே ஒரு இடம்தான் தகராறு செய்தது. டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே கறுப்பாக ஒன்று தொங்கியது. மேலே நேர்க்கோடு, இரண்டு பக்கமும் லேசான சரிவு, கீழே நடுவில் ஒரு வெட்டு. பக்கத்து அறையில் இருக்கிற மனிதரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் கேட்டால் ரகசியம் போய்விடும். தவிர, மாடல் கட்டுகிறவர்கள் ஆளை நம்ப மாட்டார்கள், போட்டோவைத்தான் நம்புவார்கள். ஆகவே சங்கத்துக்குக் கொண்டுபோனார்.

சங்கம் என்றால் ஏழு பேர், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. தலைவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். தன் வாயால் இதுவரை ‘தெரியாது’ என்று சொல்லாதவர். போட்டோவைப் பத்து மடங்கு பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி மூன்று சனிக்கிழமை விவாதித்தார்கள். டீசல் டேங்கைக் காக்கப் பின்னால் சேர்த்த தகடு, கீழே உள்ள வெட்டு டேங்க் மூடிக்காக விட்டது என்று முடிவானது. வண்டியின் இடுப்பில் இருப்பதால் தலைவர் அதற்கு ‘இடுப்புக் கவசம்’ என்று பெயரும் வைத்தார். இரண்டு உறுப்பினர்கள் உடனே தங்கள் வண்டிகளிலும் ஒன்று மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்று டாங்கி. மருமகன் தன் தகட்டில் இருபத்தாறு ரிவெட் ஆணி பதித்தார். கடுகில் பாதிகூட இல்லாத ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் எடுத்து வைக்க இரண்டு வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுப் போட்டி. பதினொரு வருஷமாகக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டுமே வாங்கியவருக்கு, இந்த முறை முதல் பரிசு என்று தலைவரே ஜாடை காட்டியிருந்தார். அவருக்குப் பரிசைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. மாமனார் வாயிலிருந்து ‘இருக்கு’வுக்கு மேலே ஒரு வார்த்தை. வடிகட்டி வலையோடு வேலை முடிந்துவிட்டது. டீ டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, செருப்புப் பெட்டியால் மூடிய லாரியைச் சாப்பாட்டு மேசையில் மாமனார் முன்னால் வைத்துத் திறந்தார்.

மாமனார் கண்ணாடியைப் போட்டார்.  நாற்காலியை விட்டு இறங்கி மண்டியிட்டு, கண்ணை டிரைவர் சீட் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். உடைந்த பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்தார். மணல் மூட்டைகளை விரலைத் தூர வைத்தே எண்ணினார்.  விரல் கதவுக்குக் கீழே வந்து நின்றது.

“இது என்ன மாப்பிள்ளை?”

மருமகன் இதற்காகவே காத்திருந்தவர். கூடுதல் தகடு, டேங்க் மூடிக்கான வெட்டு, இருபத்தாறு ரிவெட், சங்கத்தின் முடிவு, வைத்த பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மாமனார் போட்டோவைக் கேட்டு வாங்கினார். தன் பெட்டியிலிருந்து அது எப்படி வந்தது என்று கேட்கக்கூட இல்லை. வெகுநேரம் பார்த்தார்.

“இது என் டவுசர்.”

“என்ன மாமா?”

“உள் டவுசர். தொவைச்சுக் காயப்போட்டிருந்தேன். போட்டோக்காரன் திடீர்னு வந்துட்டான், எடுக்க நேரமில்ல.”

மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“அப்ப கீழே இந்த வெட்டு...”

“ரெண்டு காலுக்கு நடுவுல அப்படித்தான் இருக்கும்.” மாமனார் மறுபடி குனிந்து ரிவெட்டுகளைப் பார்த்தார். “இத்தனை ஆணி அடிச்சா எப்படி மாப்பிள்ளை உக்கார்றது?”

மருமகன் தலைவருக்குப் போன் செய்தார். தலைவர் கலங்கவில்லை. போட்டோ என்பது ஆதாரம், ஞாபகம் என்பது ஆதாரமாகாது, பெரியவருக்கு வயசாகிவிட்டது என்றார். கவசத்தைக் கழற்றினால் மதிப்பெண் குறையும், மாட்டிக்கொண்ட மற்ற இருவரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும் என்றார். குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. மாமனார் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“ஐயா, அந்த டவுசர நான் பதினாலு மாசம் போட்டிருக்கேன். நீங்க எத்தனை மாசம் போட்டீங்க?”

போனை மேசைமேல் வைத்தார்.

மருமகன் லாரியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். கவசம் இருந்தால் பரிசு நிச்சயம். அவர் போய்ச் சின்னக் கத்தியை எடுத்துவந்தார். தகடு ‘டிக்’ என்று பெயர்ந்து, இரண்டு வார உழைப்பு டீ டம்ளருக்குள் விழுந்தது.

அதன் பிறகு அந்த மேசையில் நடந்ததைப் பார்த்திருந்தால் ஆபரேஷன் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். டிஷ்யூ பேப்பரில் வெட்டிய டவுசர் ஐந்து முறை நிராகரிக்கப்பட்டது. முதலாவது புதுசு மாதிரி இருந்தது. இரண்டாவது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நிறம் என்ன என்று மருமகன் கேட்டார்; பச்சை, ஆனால் பச்சை என்று சொல்ல முடியாத பச்சை என்றார் மாமனார். எங்காவது கிழிந்திருந்ததா என்று மனைவி விசாரித்தாள்.

“இடது பக்கம்,” என்றார் அப்பா. “கொஞ்சம்தான்.”

கிழித்தார்கள். கடைசியில் இடுப்பு நாடா மிச்சம். தையல் பெட்டியிலிருந்த நூல் எல்லாம் கயிறு மாதிரி தடிமனாகத் தெரிந்தது. மாமனார் யோசித்தார், தன் புருவத்திலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி நீட்டினார். மருமகன் அதை இடுக்கியால் வாங்கி, வலது பக்கம் தொங்கவிட்டு, பசை தொட்டு ஒட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணி. லாரியின் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே ஈர டவுசர் ஒன்று காற்றில் லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்தாள். மருமகன் தொண்டையைச் செருமினார்.

“இப்ப எப்படி மாமா இருக்கு?”

மாமனார்  பல்செட்டை நாக்கால் ஒருமுறை சரிசெய்துகொண்டார். பிறகு லாரியின் அடியில் வலது கையைக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“மாமா, நாளைக்குப் பத்து மணிக்குப் போட்டி. நான்தான் அத எடுத்துட்டுப் போகணும்,” என்றார் மருமகன்.

மாமனார் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார்.

“ஃபேன நிறுத்தும்மா. துணி பறந்துடும்.”

மகள் நிறுத்தினாள். அவர் இடது உள்ளங்கையைக் குவித்து டவுசருக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தன் அறைக் கதவை முழங்கையால் தள்ளி உள்ளே போனார்.